பத்து விரலில் ஒரு எதிர்காலம்: செட்டிநாட்டுப் பள்ளி ஒன்றின் கதை

காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய ஊர். நகரத்தார் குடும்பம் ஒன்று தொடங்கி, இப்போது அவர்களுடைய அறக்கட்டளை நடத்தும் தனியார் பள்ளி. பன்னிரண்டாம் வகுப்பு வரை உண்டு. பள்ளியின் பெயரையும் அங்கே வந்த நிறுவனத்தின் பெயரையும் எழுதப் போவதில்லை. அந்த உறுதியைக் கொடுத்த பிறகுதான் ஆசிரியர்கள் மனம்விட்டுப் பேசினார்கள். ஆசிரியர் பயிற்சி வகுப்புகள் எடுப்பவன் என்பதால் அவர்களில் சிலரை எனக்கு முன்பே தெரியும். எனவே என் சாய்வும் இதில் கலந்திருக்கும். எனக்கு ஆசிரியர்கள் மேல் கோபத்தைவிடப் பிரியம் அதிகம்.

நடந்தது

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த சமயம். பிள்ளைகளின் கைரேகையை ஸ்கேன் செய்து, அவர்களுடைய அறிவு எந்தப் பக்கம் ஓடுகிறது, பதினொன்றில் எந்த குரூப் எடுக்கலாம் என்று சொல்லும் நிறுவனம் ஒன்றின் ஆட்கள் தாளாளரைப் பார்த்தார்கள். இந்தச் சோதனையை டி.எம்.ஐ.டி. (ரேகையை வைத்துப் பன்முக அறிவைச் சொல்லும் சோதனை) என்பார்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் பல பெயர்களில் நடப்பதுதான். அதற்கு முந்தைய அலை பலருக்கு நினைவிருக்கும்: 'மிட் பிரெய்ன் ஆக்டிவேஷன்' என்று சொல்லி, பிள்ளைகளின் கண்ணைக் கட்டிவிட்டு நிறத்தையும் எழுத்தையும் 'உணர்ந்து' சொல்ல வைத்தார்கள். கண்கட்டுக்குக் கீழே மூக்கின் ஓரத்தில் இருந்த இடைவெளியை அடைத்ததும் அந்தச் சக்தி காணாமல் போனது. அப்போது கையைச் சுட்டுக்கொண்ட பெற்றோர் இந்தப் பள்ளியிலேயே இருந்தார்கள். ஆனால் இது வேறு, இது கம்ப்யூட்டர் அறிக்கை என்று எல்லோருக்கும் தோன்றியது.

சனிக்கிழமை மதியம் ஆசிரியர் கூட்டம். டீயும் மசாலா சீயமும் வந்தன. பேச வந்தவர் கெட்டிக்காரர். எடுத்த எடுப்பில் கைரேகையைப் பற்றி வாயே திறக்கவில்லை. முதல் ஸ்லைடாக அவர் போட்டது ஒரு முக்கோணப் படம்: படிப்பதில் 10 சதவீதம் நினைவில் நிற்கும், கேட்பதில் 20, பார்ப்பதில் 30, செய்வதில் 90. பி.எட். படித்த யாருக்கும் அது தெரிந்த படம். ஆசிரியர் அறையின் சுவரிலும் அதே படம் சார்ட்டாகத் தொங்குகிறது. எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்து இடது மூளை, வலது மூளை. அதற்கும் தலையாட்டல். அப்புறம் 'பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர்'. இதைப் பாடத்திட்டக் குறிப்பில் எழுதியே பழகியவர்கள் அவர்கள். மூன்று தடவை தலையாட்டியவர்களுக்கு நான்காவது ஸ்லைடில் பெருவிரலுக்கும் முன்மூளைக்கும் சம்பந்தம் உண்டு என்று படித்தபோது சங்கடமாக எதுவும் தோன்றவில்லை.

இந்த வரிசையைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். அவர் கொண்டுவந்த பொய் ஒன்றுதான். அதற்கான அஸ்திவாரத்தை அவருக்கு முன்பே நாங்கள், அதாவது பயிற்சி கொடுப்பவர்கள், போட்டுவைத்திருந்தோம்.

அந்த மூன்று ஸ்லைடுகள்

முக்கோணத்தின் பூர்வீகம் எட்கர் டேல் 1946ல் எழுதிய ஒலி-ஒளிக் கற்பித்தல் நூல். அவர் வரைந்த 'அனுபவக் கூம்பு' நேரடி அனுபவத்தில் தொடங்கி வார்த்தையில் முடியும் ஒரு வகைப்பாடு, அவ்வளவுதான். அதில் சதவீதமே கிடையாது. பின்னால் யாரோ எண்களை ஏற்றினார்கள். அந்த எண்கள் எந்த ஆய்விலிருந்து வந்தன என்று தேடிப்போனவர்கள் யாரும் ஓர் ஆய்வில் போய் முட்டவில்லை. 10, 20, 30 என்று பத்துப் பத்தாக ஏறும் எண்களைப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்க வேண்டும். மனித நினைவை அளந்தால் இவ்வளவு ஒழுங்கான எண்கள் கிடைக்காது.

இடது வலது கதையின் வேர் மெய்யானது. மூளையின் இரு பாதிகளுக்கும் இடையிலான இணைப்பு துண்டிக்கப்பட்ட நோயாளிகளிடம் ரோஜர் ஸ்பெர்ரி செய்த வேலைக்கு 1981ல் நோபல் பரிசு கிடைத்தது. சில வேலைகள் ஒரு பக்கம் கூடுதலாக நடக்கின்றன என்பதும் சரி. ஆனால் 'இவன் இடது மூளைக்காரன், கணக்கு வரும். அவள் வலது மூளைக்காரி, பாட்டு வரும்' என்பது அதிலிருந்து கிளம்பிய வதந்தி. 2013ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூளைப் படங்களைப் பார்த்தார்கள். ஆளுக்கு ஆள் ஒரு பக்கம் மட்டும் ஓங்கி நிற்கிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

கற்றல் பாணி விஷயத்தை ஆசிரியர்களிடம் சொல்வதுதான் சிரமம். 2008ல் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிவிட்டு, பிள்ளையின் பாணிக்கேற்ப பாடம் நடத்தினால் கூடுதலாகக் கற்கும் என்பதற்குப் போதுமான சான்று இல்லை என்று எழுதினார்கள். பிள்ளைகளுக்கு விருப்பம் என ஒன்று இருக்கும், அது உண்மை. அந்த விருப்பப்படி நடத்தினால் மதிப்பெண் ஏறும் என்பதுதான் நிரூபணமாகாதது. இதைச் சொன்னால் ஆசிரியர்கள், 'நாங்கள் பிள்ளைகளைப் புரிந்துகொள்ளவில்லை என்கிறீர்களா?' என்று மனம் நோகிறார்கள். அந்த நோவில் ஒரு நியாயம் இருக்கிறது. நாற்பது பேரையும் ஒரே அச்சில் வார்க்கக் கூடாது என்ற நல்லெண்ணத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயரே அதுதான்.

இனி நான்காவது ஸ்லைடு. விரல்நுனிக் கோடுகள் கருவிலேயே, மூன்றாம் மாதம் தொடங்கி ஐந்தாம் மாதத்துக்குள் உருவாகிவிடுகின்றன. தோலின் மேலடுக்கும் நரம்பு மண்டலமும் கருவின் ஒரே அடுக்கிலிருந்து வருகின்றன. ஹரால்ட் கம்மின்ஸ் என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர் 1926ல் இந்த ரேகை ஆய்வுத் துறைக்கு 'டெர்மடோகிளிஃபிக்ஸ்' என்று பெயர் வைத்தார். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளின் உள்ளங்கைக் கோடுகள் மாறியிருப்பதையும் ஆராய்ந்தார். இதுவரை எல்லாம் சரி. 'ஆகவே ஆட்காட்டி விரலில் சுழி இருந்தால் தர்க்க அறிவு இத்தனை சதவீதம்' என்ற தாவலுக்குத்தான் எந்த ஆதாரமும் இல்லை. இந்திய மனநல மருத்துவர் சங்கம் இந்தச் சோதனைக்கு அறிவியல் அடிப்படை கிடையாது என்று அறிக்கையே விட்டிருக்கிறது. 1983ல், அறிவு ஒன்றல்ல, பல வகை என்ற பன்முக அறிவுக் கோட்பாட்டை முன்வைத்த ஹோவர்ட் கார்ட்னரும் இதை ஏற்கவில்லை. ஆனால் அவருடைய பெயர்தான் அறிக்கையின் அட்டையிலேயே இருக்கிறது.

மாட்டியவர்கள்

கூட்டம் முடிந்ததும் வகுப்பாசிரியர்களிடம் படிவம் கொடுக்கப்பட்டது. டைரியில் குறிப்பு எழுதி அனுப்ப வேண்டும். கட்டணம் சில ஆயிரம் ரூபாய். இந்தப் பகுதியில் வீட்டுக்கொருவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ துபாயிலோ இருப்பார்கள். பிள்ளை படிப்புக்கென்றால் பணம் வந்துவிடும். டீச்சர் சொல்கிறார் என்றால் அதற்கு மேல் கேள்வி இல்லை.

எந்த ஆசிரியர் அதிகம் பேரைச் சேர்த்தார் என்று விசாரித்தேன். சுவாரசியம் அங்கேதான். பின் வரிசையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர்கள் யாரும் மாட்டவில்லை. அவர்கள் ஸ்லைடையே பார்க்கவில்லை. முன் வரிசையில் அமர்ந்து நோட்டில் குறிப்பெடுத்தவர்கள், பிள்ளை படிக்கவில்லை என்றால் வீட்டுக்கே போய்ப் பார்ப்பவர்கள், கைக்காசு போட்டு சார்ட் வாங்குபவர்கள் மாட்டினார்கள். இது இந்த ஒரு பள்ளியின் விசித்திரமும் இல்லை. 2012ல் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் மூளை அறிவியலில் ஆர்வமுள்ள 242 ஆசிரியர்களிடம் டெக்கரும் குழுவும் நடத்திய ஆய்வில், மூளை பற்றிய கட்டுக்கதைகளில் ஏறக்குறையப் பாதியை அவர்கள் நம்பினார்கள். கற்றல் பாணியை நம்பியவர்கள் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல். மூளையைப் பற்றிப் பொது அறிவு கூடுதலாக இருந்தவர்களே கட்டுக்கதைகளையும் கூடுதலாக நம்பினார்கள் என்பதுதான் அதில் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. ஆர்வத்தோடு வாசிக்கிறார்கள், வாசிப்பதில் எது சோதித்துப் பார்த்தது, எது வெறுமனே சொன்னது என்று பிரிக்கும் பழக்கம் மட்டும் கூடவே வளரவில்லை.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வர வேண்டும்? பள்ளியில் எம்.ஃபில். முடித்தவர்கள் சிலர் உண்டு. அவர்கள் செய்த ஆய்வுகளின் தலைப்பெல்லாம் 'இன்னாரின் இன்னதைப் பற்றிய மனப்பான்மை' என்ற ஒரே வார்ப்பு. ஐந்து கட்டம் போட்ட வினாநிரல், டிக் அடித்து வாங்கிய தாள்கள், கணக்குப் போட்டுக்கொடுக்க கம்ப்யூட்டர் சென்டர், தங்க எழுத்து பைண்டிங். 'இன்மைக் கருதுகோள்' (வித்தியாசம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு சோதிப்பது) என்றால் என்ன என்று கேட்டால் வரி பிசகாமல் சொல்வார்கள். தங்கள் நம்பிக்கை ஒன்று தவறாகிப் போன அனுபவம் அந்த இரண்டு வருடத்தில் அவர்களில் ஒருவருக்கும் நேரவில்லை. பி.எட். படிப்பில் தன் வகுப்பறையை வைத்துச் செய்ய வேண்டிய செயலாராய்ச்சியும் அப்படித்தான்: சீனியர் செய்ததை வாங்கி ஊர்ப்பெயர் மாற்றி எழுதுவது. இத்தனைக்கும் இவர்கள் இருப்பது காரைக்குடியின் நிழலில். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953ல் திறக்கப்பட்ட சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், இருக்கும் ஊர். செப்டம்பரில் திறந்தவெளி நாளன்று பிள்ளைகளை வேனில் ஏற்றிக் கூட்டிப்போகிறார்கள். மின்வேதியியல் அதிசயங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஒரே அளவீட்டை அங்கே ஏன் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வந்ததாக யாரும் சொல்லவில்லை.

மரியாதையும் ஒரு காரணம். கொஞ்ச நாளைக்கு முன் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மூத்த ஆசிரியர் ஒருவர், திருநள்ளாறுக்கு மேலே போகும் செயற்கைக்கோள்கள் சில நொடி நின்றுவிடுகின்றன, நாசாவே வியந்தது என்று வாட்ஸ்அப்பில் வந்ததை வாசித்திருக்கிறார். தாழ்வட்டப் பாதையில் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடுவது நின்றால் மேலே தங்காது, கீழேதான் வரும். இயற்பியல் ஆசிரியைக்கு இது தெரியாதா? தெரியும். வாய் திறக்கவில்லை. 'ஐயா ரிட்டையர் ஆகப்போறாங்க சார், பிள்ளைக முன்னாடி எப்படிச் சொல்றது' என்றார். கூட்டம் முடிந்து அறைக்குப் போய், 'ஐயா, எனக்கு ஒரு சின்னச் சந்தேகம்' என்று தொடங்கினால் நம் ஊரில் எதையும் சொல்லிவிடலாம். அதையும் அவர் செய்யவில்லை. அன்று மைதானத்தில் நின்ற பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அது பள்ளியில் படித்த பாடமாகிவிட்டது.

கீழடி சார்

அந்தப் பள்ளியின் வரலாற்று ஆசிரியரைப் பிள்ளைகள் 'கீழடி சார்' என்கிறார்கள். கீழடி இதே சிவகங்கை மாவட்டம்தான். அகழாய்வு நடந்த நாட்களில் விடுமுறை கிடைத்தால் அங்கே போய் நிற்பார். 2023ல் அருங்காட்சியகம் திறந்த பிறகு பிள்ளைகளையும் கூட்டிப்போகிறார். ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் 'கீழடி பத்தாயிரம் ஆண்டு பழமை, மத்திய அரசு மறைக்கிறது' என்று ஒரு செய்தி சுற்றியபோது அவர் போட்ட பதில் இன்னும் குழுவில் இருக்கிறது; எனக்குக் காட்டினார்கள். 'எந்தக் குழி? எந்த ஆழம்? மாதிரியை எந்த ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள்?' அதோடு, 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரியை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பி கி.மு. 580 என்று காலம் கணித்ததையும், மாநிலத் தொல்லியல் துறை 2019ல் வெளியிட்ட அறிக்கையில் அது இருப்பதையும் எழுதியிருந்தார். தமிழ்ப் பெருமை பேசும் மனிதர்தான். ஆனால் பெருமைக்காக ஓர் ஆண்டைக்கூடக் கூட்டிச் சொல்ல மாட்டார்.

கைரேகைச் சோதனைக்கு முதலில் பணம் கட்டியவரும் அவரே. இரண்டு மகள்களுக்கும்.

ஏன் என்று கேட்டேன். கோபிக்காமல் யோசித்தார். 'கீழடியில நான் குழிக்குள்ள எட்டிப் பாத்திருக்கேன் சார். மண்ணடுக்கு எப்படி இருக்கும், கரியை எப்படி எடுத்துக் கட்டுறாங்க, எல்லாம் தெரியும். மூளையில எங்க போய் எட்டிப் பாக்குறது? அவரு படம் போட்டாரு, நம்ம சார்ட்ல இருக்கறதாவும் இருந்துச்சு.'

ஆசிரியர்களும் ஆராய்ச்சியும் என்ற விஷயத்தில் நான் கேட்ட எந்தக் கருத்தரங்கப் பேச்சைவிடவும் இந்தப் பதில் எனக்கு அதிகம் சொன்னது. சந்தேகப்படும் குணம் என்று ஒன்று ஆளுக்குள் இருந்துகொண்டு எல்லாவற்றின் மேலும் பாய்வதில்லை. ஒரு துறையில் அறிவு எப்படி உண்டாகிறது என்று கிட்டத்தில் பார்த்தவருக்கு அந்தத் துறையில் என்ன கேட்பதென்று தெரிகிறது. பக்கத்துத் துறைக்குப் போனால் அதே மனிதர் வெறும் ரசிகராகிவிடுகிறார். கற்பித்தல் என்பது அவருடைய சொந்தத் தொழில். ஆனால் அந்தத் தொழிலைப் பற்றிய ஆராய்ச்சியின் 'குழி'யை மட்டும் அவருக்கு யாரும் காட்டவில்லை. ஆகவே 'ஊடகக் கல்வியறிவு' என்ற பெயரில் நடக்கும் அரைநாள் பயிற்சிகள் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. 'வருவதையெல்லாம் நம்பாதீர்கள்' என்பது அவர்களுக்குத் தெரிந்ததே. என்ன கேட்பது என்பதுதான் தெரிய வேண்டியது.

ரேகை விழாத பையன்

விஷயத்தைத் திருப்பியவர் கணக்கு டீச்சர். அவருக்கும் முதலில் சந்தேகம் இல்லை. ஸ்கேன் நடந்த அன்று மேற்பார்வைக்கு நிறுத்தப்பட்டிருந்தார். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். வீட்டில் ஆத்தங்குடிக் கல் பட்டறை. லீவு நாளில் அப்பாவுக்கு ஒத்தாசையாக நிற்பவன். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து வண்ணக் கலவை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டுச் செய்கிற வேலை. சிமெண்டுத் தண்ணீர் விரல்நுனியைத் தின்றுவிடும். அவனுடைய வலது கையில் மூன்று விரல்கள் ஸ்கேனரில் விழவே இல்லை. துடைத்துவிட்டு வைத்தார்கள், ஈரப்படுத்தி வைத்தார்கள், அழுத்திப் பார்த்தார்கள். ரேஷன் கடையில் ரேகை விழாமல் தன் மாமியார் நின்றது டீச்சருக்கு ஞாபகம் வந்தது. கடைசியில் ஆபரேட்டர், 'பரவாயில்லை மேடம், சாஃப்ட்வேர் பார்த்துக்கும்' என்று அடுத்த பையனைக் கூப்பிட்டுவிட்டார்.

இரண்டு வாரத்தில் அறிக்கை வந்தது. முப்பது பக்கத்துக்கு மேல், வழவழ தாளில். அந்தப் பையனுக்கும் பத்து விரலுக்கும் பத்து வரைபடம் இருந்தது. விழாத மூன்று விரல்களுக்கும் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை சதவீதம்.

டீச்சர் அதை வைத்துச் சத்தம் போடவில்லை. தலைமையாசிரியரிடம் சொன்னால் 'மெஷின் ஏதாவது சரிக்கட்டியிருக்கும்' என்பார் என்று தெரியும். வேறொன்று செய்தார். தன் வகுப்பில் வந்த அறிக்கைகளில் 'குணநலன்' பக்கத்தை மட்டும் நகலெடுத்து, பெயரை மறைத்து, கலைத்து, ஆசிரியர் அறையில் மேசை மேல் பரப்பினார். அந்தப் பிள்ளைகளுக்கு வருடக்கணக்கில் பாடம் எடுத்தவர்களைக் கூப்பிட்டு, 'எது யாருடையதுன்னு சொல்லுங்க' என்றார்.

முதல் தாளை எடுத்த தமிழாசிரியை, படித்துக்கொண்டே ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார். அடுத்தவர் அதே தாளுக்கு ஒரு பையன் பெயரைச் சொன்னார். மூன்றாமவர், 'இது என்னையே சொல்ற மாதிரி இருக்கே' என்றார். 'புதியவர்களிடம் தயக்கம் உண்டு, பழகிவிட்டால் கலகலப்பானவர். திறமை இருந்தும் சில சமயம் முழுமையாக வெளிப்படுவதில்லை.' ஊரில் யாருக்குப் பொருந்தாது இது? பெயரைத் திறந்தபோது சரியாகச் சொன்னது மிகக் குறைவு. இரண்டு அறிக்கைகளில் ஒரு பத்தி எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருந்தது. பெயர் ஒட்டியிருந்தபோது 'அப்படியே நம்ம பிள்ளையைப் பார்த்த மாதிரி எழுதியிருக்காங்க' என்று சொன்ன அதே ஆசிரியர்கள்தான் இவர்கள்.

அவர் அறியாமலே செய்தது உளவியலில் பழைய சோதனை ஒன்றின் உறவு. 1948ல் பெர்ட்ராம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு 'உங்கள் ஆளுமை அறிக்கை' என்று தனித்தனியாகக் கொடுத்தார். ஐந்துக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டார். சராசரி நான்குக்கு மேல் வந்தது. எல்லோருக்கும் அவர் கொடுத்திருந்தது ஒரே தாள், பெரும்பாலும் கடையில் விற்ற சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. வழவழ தாளில் வந்த இந்த அறிக்கையும் கணினி எழுதிய ஜாதகம்தான். சோதிடராவது எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டால் பதில் சொல்வார்.

டீச்சர் செய்ததை நான் ஆராய்ச்சி என்று பெரிதாக்க மாட்டேன். சில தாள்கள், சில ஆசிரியர்கள், ஒரு மதிய இடைவேளை, அவ்வளவுதான். ஆனால் அந்த அறையில் இருந்தவர்கள் தங்கள் நம்பிக்கை ஒன்று தங்கள் கையாலேயே உடைவதைப் பார்த்தார்கள். கீழடி சார் உடனே கேட்டது இது: 'அப்ப அந்த முக்கோணச் சார்ட்டு?' கணக்கு டீச்சர் எழுந்துபோய் அதைப் படித்துவிட்டு, 'இந்த 90ஐ யாரு சார் அளந்தது?' என்றார். சுவரில் தொங்கிய ஒன்றைப் பார்த்து அந்தக் கேள்வி அப்போதுதான் முதல் தடவையாக எழுந்தது.

அப்புறம்

நல்லபடியாக முடிந்ததாகச் சொல்ல ஆசை. முடியவில்லை. தலைமையாசிரியர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். அடுத்த வருடம் அந்த நிறுவனத்தைக் கூப்பிடவில்லை. தாளாளரிடம், பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதிவிடலாம் என்று கணக்கு டீச்சரும் கீழடி சாரும் சேர்ந்து வரைவு கொண்டுபோனார்கள். 'பணம் வாங்கிக் கொடுத்தது நாம, இப்ப நாமளே தப்புன்னு எழுதினா பள்ளிக்கூடத்து பேரு என்ன ஆகும்? சத்தமில்லாம விட்டுருங்க' என்றார் தாளாளர். நிர்வாகத்தின் கணக்கு அது. எனக்கு அது சரியென்று படவில்லை. பொய்யைச் சொல்ல டைரிக்குறிப்பு போனது, திருத்தத்துக்குப் போகவில்லை.

அதற்குள் பத்தாம் வகுப்பில் ஒரு பெண். உயிரியலில் ஆசை, மதிப்பெண்ணும் மோசமில்லை. அறிக்கை பொருத்த வரிசையில் 'வணிகம் 1, உயிரியல் 6' என்றது. அப்பா சிங்கப்பூரிலிருந்து வீடியோ காலில் முடிவெடுத்துவிட்டார். வகுப்பாசிரியை வீட்டுக்குப் போய்ப் பேசிப்பார்த்தார். அந்தப் பெண்ணின் அப்பத்தா மோர் கொடுத்து உபசரித்துவிட்டு, 'கம்ப்யூட்டரே சொல்லிப்புடுச்சு, நீங்கதானே டீச்சர் அன்னைக்கு நல்லதுன்னு எழுதிக் கொடுத்தீக?' என்றார். வகுப்பாசிரியையிடம் பதில் இல்லை. பெண் இப்போது காமர்ஸ் குரூப்பில் படிக்கிறாள். படிப்பு நன்றாகத்தான் போகிறது. அதை நிறுவனத்தின் விளம்பரத் தாளில் வெற்றிக் கதையாகப் போட அனுமதி கேட்டு வந்தார்கள் என்று வகுப்பாசிரியை சொன்னார். அப்பா கொடுத்துவிட்டார்.

பள்ளிக்கு இப்போதும் மாதம் ஒருவராவது ஏதாவது விற்க வருகிறார்கள்: நினைவாற்றல் பயிற்சி, கையெழுத்தை வைத்துக் குணம் சொல்வது, மூளைக்கு உடற்பயிற்சி. ஆசிரியர் கூட்டத்துக்கு முன் கணக்கு டீச்சரிடம் அனுப்பச் சொல்லி தலைமையாசிரியர் வாய்மொழியாக ஏற்பாடு செய்திருக்கிறார். அவர் கேட்பது மூன்றே கேள்விதான்: இதே பிள்ளையை அடுத்த வாரம் திரும்பச் சோதித்தால் இதே விடை வருமா? பெயரை மறைத்துக் கொடுத்தால் கண்டுபிடிப்பீர்களா? இதைச் செய்யாத பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது யார்? பெரும்பாலானவர்கள் மேலதிகாரியைக் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போகிறார்கள்.